கான்ட்ராக்டரிடம் விடுவதா, நாமே நின்று கட்டுவதா?

தங்கை வீடு கட்டப் போகிறாள். மனை இருக்கிறது, வரைபடம் பாதி தயார், கையில் இரண்டு மதிப்பீடுகள். ஒன்று பொருளும் கூலியும் சேர்த்து முழு ஒப்பந்தம். இன்னொன்று கூலி மட்டும். இரண்டாவதோடு பொருள் செலவைத் தோராயமாகக் கூட்டிப் பார்த்திருக்கிறாள், முதலாவதைவிட நன்றாகவே குறைந்து வருகிறது. உடனே எனக்கு போன். "அண்ணா, நீங்க கட்டின மாதிரி நாங்களே நின்னு கட்டிடலாமா?"

நான் கட்டியது உண்மைதான். கான்ட்ராக்டர் இல்லாமல், கொத்தனாரிலிருந்து பெயின்டர் வரை ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி, நானும் மனைவியும் அப்பாவும் மாறி மாறி நின்று கட்டினோம். வீடு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் "கட்டலாம்" என்று சட்டென்று சொல்ல வாய் வரவில்லை. அந்த இரண்டு தாள்களுக்கு நடுவே அவள் பார்த்த வித்தியாசத்தை அவள் மிச்சம் என்று நினைக்கிறாள். எனக்குத் தெரிந்து அது ஒரு வேலைக்கான சம்பளம். அந்த வேலையை யாராவது செய்தே ஆக வேண்டும்.

அந்த வித்தியாசத்துக்குள் என்ன இருக்கிறது?

மொத்தச் செலவை 100 என்று வையுங்கள். அதில் கான்ட்ராக்டரின் பங்கு ஒரு பேச்சுக்கு 15. நாமே செய்தால் இந்த 15 கைக்கு வந்துவிடும் என்றுதான் எல்லாரும் கணக்குப் போடுகிறோம், நானும் அப்படித்தான் போட்டேன். ஆனால் சென்ட்ரிங் சாமான் (கான்கிரீட் இறுகும் வரை தாங்குகிற பலகையும் முட்டும்), சாரம், கலவை போடும் மிக்சர், கான்கிரீட்டை அதிர வைத்து இறுக்கும் வைப்ரேட்டர் எல்லாம் அவரிடம் சொந்தமாக இருக்கும். நமக்கு வாடகை, அதற்கு 3 போகட்டும். வருடம் முழுக்க வாங்குகிறவருக்குக் கடைக்காரர் போடும் விலையை ஒரே ஒருமுறை வாங்குகிறவருக்குப் போடமாட்டார், அதில் 2. சேதாரம், உடைசல், தப்பான அளவில் வாங்கித் திருப்பிக் கொடுக்க முடியாமல் மூலையில் கிடக்கிற சாமான், இதில் 3. வேலை இரண்டு மாதம் இழுத்தால் இப்போது இருக்கும் வீட்டின் வாடகையும் கடன் வட்டியுமாக 2. மீதி 5. எண்கள் நான் உதாரணத்துக்குப் போட்டவை, உங்கள் கணக்கு வேறாக வரும். ஆனால் 15 முழுசாக வராது. அந்த 5க்காகத் தினம் இரண்டு மூன்று மணி நேரம், கான்கிரீட் நாட்களில் முழு நாள், ஒரு வருடத்துக்கு நாம் கொடுக்கப்போகிறோம். சம்பளமில்லா விடுப்பு எடுக்க வேண்டியவர்களுக்கு அந்த 5ம் மிஞ்சாது.

இந்தக் கணக்கில் வராத ஒன்று வரிசை. நல்ல பிளம்பரிடம் எப்போதும் நாலு வேலை கையில் இருக்கும். கான்ட்ராக்டர் கூப்பிட்டால் மறுநாள் வந்துவிடுவார், ஏனென்றால் அடுத்த வீட்டு வேலையும் அந்தக் கான்ட்ராக்டரிடமிருந்துதான் வர வேண்டும். நாம் கூப்பிட்டால் "திங்கக்கிழமை வந்துடறேங்க" என்பார். எந்தத் திங்கட்கிழமை என்று சொல்லமாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. வாழ்நாளில் ஒரே ஒரு வீடு கட்டுகிற நம்மிடம் அவருக்கு அடுத்த வேலை கிடையாது. பிளம்பர் வராவிட்டால் டைல்ஸ்காரர் நிற்பார், டைல்ஸ்காரர் நின்றால் கதவு நிற்கும். நாங்கள் இழந்த நாட்களில் பெரும்பகுதி இப்படிப் போனதுதான்.

முழு ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியது

இதை எடுத்தவுடனே சோம்பேறித்தனம் என்று தள்ளுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. விலை ஏறினாலும் ஆள் வராவிட்டாலும் தவறாகக் கட்டியதை இடித்தாலும் நஷ்டம் கான்ட்ராக்டருடையது, தாளில் ஒழுங்காக எழுதியிருந்தால். அந்தத் தாளில்தான் எல்லாம் இருக்கிறது. சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே வரியில் பேசி முடித்தால், எது அந்தச் சதுர அடிக்குள் வரும் என்பதில் பின்னால் சண்டை வரும். போர்ட்டிகோ முழுசா பாதியா? மொட்டை மாடிப் படிக்கட்டு அறை? தண்ணீர்த் தொட்டி, சுற்றுச்சுவர்? கம்பி என்ன தரம், கம்பெனி எது, டைல்ஸ் எந்த விலை வரைக்கும், ஒரு அறைக்கு எத்தனை மின் பாயின்ட், எல்லாவற்றையும் எழுத வேண்டும். எழுதாத ஒவ்வொன்றும் பிறகு "எக்ஸ்ட்ரா" என்ற பெயரில் திரும்பி வரும்.

நிர்ணயத் தொகை பேசியவருக்கு ஆசை எங்கே என்றால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் குறைப்பதில். அதனால் முழு ஒப்பந்தம் கொடுத்தாலும் அவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு இன்ஜினியரை, நாம் பணம் கொடுத்து, முக்கியமான கட்டங்களில் வந்து பார்க்கச் சொல்ல வேண்டும். பணத்தை வேலைக்கு முன்னால் ஓடவிடக் கூடாது. முடிந்த வேலைக்கு மட்டும் பணம், கடைசித் தவணை கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். செலவு எவ்வளவோ அதன் மேல் இத்தனை சதவீதம் என்று பேசுகிற முறையும் உண்டு. கணக்கு வெளிப்படையாக இருக்கும், ஆனால் செலவு ஏற ஏற அவர் வருமானமும் ஏறும். அப்படித்தான் பேச வேண்டும் என்றால் சதவீதத்தை விட்டுவிட்டு ஒரே தொகையாகப் பேசுவது நல்லது.

கூலி மட்டும் ஒப்பந்தம்

தங்கை கண் வைத்திருப்பது இதில்தான். சிமெண்ட், கம்பி, செங்கல், மணல், ஜல்லி எல்லாம் நம் கையில். நல்ல பொருள்தான் உள்ளே போகிறது என்ற நிம்மதி பெரிய நிம்மதி. ஆனால் கூலி ஒப்பந்தம் எடுத்த மேஸ்திரிக்கு வேகம்தான் லாபம், சேதாரத்தில் அவருக்கு ஒரு காசு நஷ்டமில்லை. முழுச் செங்கல்லை உடைத்துப் பாதிக்கல் வைப்பார்கள், பாதிக்கல் பக்கத்திலேயே கிடக்கும். சாயங்காலம் மிஞ்சின கலவை மறுநாள் காலையில் கல்லாகிக் கிடக்கும். மூன்று மீட்டர் கம்பி வேண்டுமென்றால் ஒதுக்கி வைத்த துண்டைத் தேடாமல் புதுக் கம்பியை வெட்டுவார்கள். இதையெல்லாம் பார்க்க ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும்.

அப்படி நிற்கிறவருக்குக் கொஞ்சம் கணக்கும் தெரிய வேண்டும். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதையே அதனால் பெருக்கி 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, 16 மில்லிமீட்டர் 1.58 கிலோ. வண்டியில் வந்த கம்பிகளை எண்ணி, நீளத்தால் பெருக்கி, எடைச்சீட்டோடு ஒத்துப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். நாங்கள் ஒரு முறை பார்த்தோம் என்று தெரிந்த பிறகு அடுத்த வண்டிகள் எல்லாம் சரியாகவே வந்தன. சிமெண்டை விலை ஏறும் என்று பயந்து மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். மூட்டையிலேயே மூன்று மாதம் இருந்தால் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், ஈரமான இடமென்றால் இன்னும் சீக்கிரம்.

மணல் தனிக் கதை. ஈர மணல் உப்பும். அதே மணல், காய்ந்திருக்கும்போது அடைக்கிற இடத்தைவிட, லேசான ஈரத்தில் கால் பங்கு வரை கூடுதலாக அடைக்கும், நயமான மணல் இன்னும் அதிகம். கன அளவில் வாங்கினால் காற்றுக்குக் காசு கொடுக்கிறோம். அதோடு போகாது, கலவையில் பெட்டி கணக்கில் போடும்போது மணல் குறைந்து விகிதமும் மாறும். இதைக் கண்டுபிடிக்க ஒரு நேரான பாத்திரம் போதும். ஈர மணலை அழுத்தாமல் போட்டு உயரத்தை அளந்துகொள்ளுங்கள். அதை வெளியே எடுத்து, பாத்திரத்தில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, மணலைத் திரும்பக் கொட்டிக் கலக்கி, படிந்த பிறகு மறுபடி அளந்து பாருங்கள். முதலில் 25 சென்டிமீட்டர் இருந்தது 20 ஆனால், கால் பங்கு உப்பல்.

நாள் கூலி முறையும் ஒன்று உண்டு. அளந்து பேச முடியாத வேலைக்கு, பழைய சுவரைத் திருத்துவது போல, அதுதான் நியாயம். முழு வீட்டையும் நாள் கூலியில் கட்டினால் வேலை நேர்த்தியாக வரும், முடிகிற தேதி மட்டும் யாருக்கும் தெரியாது.

நாமே கான்ட்ராக்டர் ஆவது

கொத்து, கம்பி, சென்ட்ரிங், எலக்ட்ரிக், பிளம்பிங், மரவேலை, டைல்ஸ், பெயின்ட் என்று ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுகிறோம். ஒவ்வொருவரும் தன் வேலையைத் தெரிந்தவர். ஆனால் ஒருவர் வேலை முடிகிற இடத்துக்கும் அடுத்தவர் வேலை தொடங்குகிற இடத்துக்கும் நடுவே ஒரு இடுக்கு இருக்கிறது. கான்ட்ராக்டரின் உண்மையான வேலை அந்த இடுக்குகளில்தான் நடக்கிறது. தளம் போடுவதற்கு முந்தின நாளே மின்விசிறிப் பெட்டியும் பைப்பும் கம்பிக்கு நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும். குளியலறைக் கழிவுக் குழாய் எங்கே இறங்குகிறது என்பது தளம் போடும் முன்பே தெரிய வேண்டும். பூச்சு வேலைக்கு முன்னால் காடி வெட்டிப் பைப் பதித்து, தண்ணீர்க் குழாய்களில் அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்த்திருக்க வேண்டும். எல்லாமே சின்ன விஷயம். ஒன்றை மறந்தாலும் போட்ட சுவரை உடைக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் நடந்தது இது. கதவு நிலைகளை வைக்கும்போது கொத்தனார் தரைமட்டத்துக்கு ஒரு குறி போட்டார். மூன்று மாதம் கழித்து டைல்ஸ்காரர் வந்து, மட்டக் குழாய் (மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய குழாய்) பிடித்து, வாசலிலிருந்து வேறொரு குறி எடுத்தார். தரை முடிந்து கதவு மாட்டும்போதுதான் எதுவும் திறக்கவில்லை. ஏழு கதவுகளின் அடியை அறுத்தோம். கொத்தனார், "எனக்குச் சொன்ன மட்டம் இதுதாங்க" என்றார். டைல்ஸ்காரர், "எங்கிட்ட யாரும் மட்டமே சொல்லலைங்களே" என்றார். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. இரண்டு பேரையும் ஒரே குறிக்குக் கொண்டுவர வேண்டியவன் நான். சுவர் எழுந்ததுமே எல்லா அறையிலும், டைல்ஸ் போட்ட பிறகு தரை வரப்போகும் மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் ஒரு கோடு இழுத்து, "எல்லாரும் இதிலிருந்துதான் அளக்கணும்" என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. கான்ட்ராக்டருக்கு இது கைப்பழக்கம். நான் ஏழு கதவை அறுத்துக் கற்றுக்கொண்டேன்.

கான்கிரீட் நாள் இன்னும் கெடுபிடி. தளம் ஒரே மூச்சில் போட வேண்டும். பாதியில் ஜல்லி தீர்ந்தோ மிக்சர் நின்றோ போட்டது இறுகிவிட்டால், பழையதும் புதியதும் ஒட்டாமல் நடுவில் ஒரு கோடு விழும், பின்னால் தண்ணீர் அந்தக் கோட்டில் இறங்கும். அன்று தண்ணீர் விடுகிற கையைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் என்றால் நீர்-சிமெண்ட் விகிதம் 0.5. மணலில் இருக்கும் ஈரமும் அந்த 25க்குள் அடக்கம். "கொஞ்சம் தண்ணி விட்டாத்தான் ஓடும்ங்க" என்பார்கள். ஓடத்தான் செய்யும். கூடுதல் தண்ணீர் பிறகு ஆவியாகி, உள்ளே ஓட்டை ஓட்டையாக விட்டுப் போகும். வேண்டாம் என்று நிற்க நாம் அங்கே இருக்க வேண்டும், அதற்கு முகதாட்சண்யம் இல்லாமல் இருக்க வேண்டும்.

அதற்கப்புறம் காத்திருப்பு. கான்கிரீட்டின் பலத்தை 28 நாளில்தான் கணக்குப் பார்க்கிறார்கள். குறைந்தது 7 நாள், கலப்புச் சிமெண்ட் (நிலக்கரிச் சாம்பல் போன்றவை சேர்த்தது) என்றால் 10 நாளாவது, காயவிடாமல் தண்ணீர் கட்டி வைக்க வேண்டும். தாங்குகிற சுவர்களுக்கு நடுவே நாலரை மீட்டருக்குள் இருக்கும் தளத்துக்கு முட்டு 7 நாளாவது நிற்க வேண்டும், அதற்கு மேல் அகலமென்றால் 14, பெரிய உத்திரத்துக்கு 21 வரை. சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு வந்திருப்பதால் பிரிக்க அவசரப்படுவார்கள். வாடகை நம் பணம் என்பதால் நமக்கே கூட அந்த அவசரம் வரும், எனக்கு வந்தது. இன்ஜினியர் திட்டியதால் நின்றேன்.

சட்டமும் பணமும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கான்ட்ராக்டர் இல்லையென்றால் வேலையாள் சாரத்திலிருந்து விழுந்தால் பொறுப்பு நம் தலையில் விழக்கூடும், காப்பீடு பற்றி முதல் செங்கல்லுக்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். சில நாடுகளில் உரிமையாளரே கட்டத் தனி அனுமதி வேண்டும். வீட்டுக்கடன் பெரும்பாலும் ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகே வரும், ஆனால் சிமெண்டுக்கும் கூலிக்கும் அதற்கு முன்பே பணம் கொடுக்க வேண்டும். அந்த இடைவெளியைத் தாங்கக் கைக்காசு இல்லாதவர்கள் இந்த வழிக்குப் போக வேண்டாம்.

குடும்பத்தில் யார் கான்ட்ராக்டர்?

"நாமே கட்டுகிறோம்" என்பதில் அந்த "நாம்" யார் என்று யாரும் கேட்பதில்லை. காலையில் அப்பா போய் ஜன்னலை ஒரு அடி தள்ளச் சொன்னார். மதியம் என் மனைவி சாப்பாட்டு இடைவேளையில் போய் பழைய இடத்திலேயே வைக்கச் சொன்னாள். சாயங்காலம் நான் போனால் ஜன்னல் இரண்டு இடத்துக்கும் நடுவில் இருந்தது. மேஸ்திரிக்கு இதில் கஷ்டமே இல்லை. இரண்டு முதலாளி இருந்தால் எந்தத் தவறுக்கும் "அவங்கதான் சொன்னாங்க" என்று பதில் தயாராக இருக்கும். அதற்குப் பிறகு ஒரு நோட்டு வாங்கி, எது மாறினாலும் அதில் எழுதி, ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டு, மேஸ்திரியிடம் அந்தப் பக்கத்தைக் காட்டுவது என்று வைத்துக்கொண்டோம். கையெழுத்து மனைவியுடையது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், அப்பாவுக்கு இரக்கம் சீக்கிரம் வரும், இரண்டுமே கட்டட வேலைக்கு ஆகாது.

கட்டியதை இடிக்கச் சொல்லத் துணிவு வேண்டும் என்பதும் இங்கேதான் வருகிறது. சுவர் தூக்குக்கு இல்லை, அரை அங்குலம் சாய்ந்திருக்கிறது. எதிரே வியர்வையோடு நிற்கிறவர் அப்பா வயதுக்காரர். "பூச்சுல சரி பண்ணிடலாம்ங்க" என்கிறார். இல்லை, இடியுங்கள் என்று மரியாதையாக, குரல் உயர்த்தாமல் சொல்ல வேண்டும். குடும்பத்தில் யாருக்குமே அது வராது என்றால், கான்ட்ராக்டருக்கோ மேற்பார்வை இன்ஜினியருக்கோ கொடுக்கும் பணம் அதற்காகவே தகும்.

நான் அவளிடம் சொன்னது

இன்னொரு முறை கட்டினால் நான் வீட்டை இரண்டாகப் பிரிப்பேன். அஸ்திவாரத்திலிருந்து மேல்தளம் வரை பொறுப்பு இன்னொருவருடையது. முழு ஒப்பந்தமோ கூலி ஒப்பந்தமோ, கூடவே மேற்பார்வைக்குத் தனி இன்ஜினியர். கட்டமைப்பு வரைபடம் எந்த வழியானாலும் இன்ஜினியரிடம்தான், அதில் பேச்சே இல்லை. ஏனென்றால் இந்தப் பாதியில் செய்த தவறு கான்கிரீட்டுக்குள் மறைந்துவிடும், தெரியும்போது திருத்த முடியாது. பூச்சுக்கு அப்புறம் வருகிற பாதியை நாமே எடுத்துக்கொள்ளலாம். டைல்ஸ், கதவு, விளக்கு, பெயின்ட், அலமாரி. நம் ரசனைக்கு வேலை இருக்கும் இடமும், கடைக்குக் கடை விலை அதிகம் மாறுகிற இடமும் இதுதான். தவறு செய்தாலும் கண்ணுக்குத் தெரியும், பிரித்து மாற்றலாம். குளியலறை நீர்க்காப்பு மட்டும் இதில் விதிவிலக்கு. டைல்ஸ் போடும் முன் தண்ணீர் கட்டி ஒரு முழு நாளாவது விட்டு, கீழே ஈரம் தெரிகிறதா என்று பார்க்காமல் மூடக் கூடாது.

முழுவதையும் தானே செய்தால் ஆகிறவர்களும் உண்டு. மனைக்குப் பக்கத்திலேயே இருக்கிறவர், நேரம் தன் கையில் உள்ளவர், கடைசி சுவிட்ச் வரை வரைபடம் முடிந்த பிறகே குழி தோண்டுகிறவர், அவசரம் இல்லாதவர். தங்கைக்கு முதல் மூன்றில் ஒன்றுதான் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு அவசரம் வேறு.

அப்படியும் ஆசை விடவில்லை என்றால் சாமான் அறையையும் சுற்றுச்சுவரையும் முதலில் நீங்களே கட்டிப் பாருங்கள் என்றேன். அஸ்திவாரம், கொத்து, சின்னத் தளம், கதவு, ஒரு விளக்கு, ஒரு குழாய். வீட்டில் வருகிற எல்லா வேலையும் சின்ன அளவில் அதில் வந்துவிடும். தப்பு போனாலும் சாமான் அறைதானே. எத்தனை நாள் ஆனது, எத்தனை முறை ஆள் வரவில்லை, எத்தனை முறை இருவரும் சண்டை போட்டார்கள் என்பதை நோட்டில் குறித்துக்கொண்டு, அதை வைத்து மீதியை முடிவு செய்யட்டும்.

சரி என்றாள். பெரிதாக நம்பின மாதிரி தெரியவில்லை. நேற்று காலை ஏழு மணிக்கு ஒரு படம் அனுப்பினாள். நேரான ஒரு பெயின்ட் டப்பா, பக்கத்தில் அடிஸ்கேல், பின்னால் ஒரு மணல் வண்டி. கீழே ஒரே வரி: "அண்ணா, 24 இருந்தது 20க்கு வந்திருக்கு, டிரைவர்கிட்ட எவ்வளவு கழிக்கச் சொல்லணும்?"